பாம்புச்செவிக்குக் கேட்காத குருவி

காட்டுக்குள் ஜீப் ஓட்டிப் பறவை காட்டும் அந்த மனிதருக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். இலை மறைவில் எது கத்தினாலும் வண்டியை நிறுத்தி, கிளையைச் சரியாகக் காட்டிவிடுவார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் அவரே கோபித்துக்கொள்வார்.

இந்த வருடம் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே புலம்பல். மஞ்சள் குருவி காட்டைவிட்டே போய்விட்டதாம். கட்டைவிரல் அளவேயான அந்தக் குருவியைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருவதே. அவ்வளவு இலைக்குள் அதை அதன் ஊசி போன்ற கீச்சுக்குரல் கேட்டுத்தான் தேட முடியும். ஆற்றோரத்தில் அண்ணாந்து நின்று கழுத்து வலித்ததுதான் மிச்சம். மழை பிந்தியதைத் திட்டினார், புதிதாகப் போட்ட சாலையைத் திட்டினார். இருவாச்சிப் பறவையின் சிறகடிப்பு தெளிவாகக் கேட்கிறது, குரங்குச் சண்டை கேட்கிறது. தன் காதையா சந்தேகிப்பார்?

அவர் மனைவி நுழைவாயில் அறையில் இருப்பவள். அட்டை கடிக்காமலிருக்கப் பயணிகள் முழங்கால்வரை மாட்டும் துணியுறைகளை வாடகைக்குக் கொடுப்பாள். ஒரு காலையில் அவற்றைக் கொடியில் காயப்போட்டபடி கேட்டாள்:

"போயிருச்சு போயிருச்சுங்கிறீங்களே, இதோ தலைக்கு மேல கத்துறது என்னவாம்?"

"எங்க?"

"விளையாடாதீங்க. காது கிழியுது!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் குருவியின் அலகு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. சத்தமே இல்லை. வயதாகும்போது காதைவிட்டு முதலில் போவது இப்படிப்பட்ட மெல்லிய கீச்சுக்குரல்தான் என்று அவருக்குத் தெரியும்.

"வன அதிகாரிக்குத் தெரிஞ்சா வாசல் கம்பத்தைத் தூக்கி இறக்க உக்கார வெச்சிருவாரு. அப்புறம் காட்டுக்குள்ளயே போக முடியாது," என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் அவள்.

மறுவாரம் அதிகாரியே விருந்தாளிகளோடு வந்து ஜீப்பில் ஏறினார், குருவி உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க. உறை மாட்டிவிடுகிற சாக்கில் அவளும் ஏறி, கணவனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஆற்றோரம் வந்ததும் அவருடைய வலது தோளில் ஒரு விரல் பட்டது. வண்டியை நிறுத்தி வலப்புறம் கண்ணை ஓட்டினார். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

"அதோ, கொடி சுத்தின மரம். ரெண்டாவது கிளை."

விருந்தாளிகள் வைத்த கண் வாங்கவில்லை. அதிகாரிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "குருவிக்கு என்ன குரல்யா! பாம்புச்செவின்னு சும்மாவா பேர் வெச்சாங்க!"

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எல்லோரும் கேட்ட அந்தக் குரல் தனக்கு மட்டும் இனி இல்லை என்பதே பெரிய துக்கம். அதற்குமேல் பொய்ப் பாராட்டையும் வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

"எனக்குக் கேக்கலை சார்," என்றார். "அந்தச் செவி பின்சீட்டுல உக்காந்திருக்கு."

அதிகாரி திரும்பி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கொஞ்சம் பேசாம இருங்க சார்," என்றாள் அவள். கணவனின் இடது தோளைத் தொட்டாள். அவர் இடப்புறம் திரும்பினார். அதிகாரியும் திரும்பினார்.