எங்கள் வீட்டில் மட்டும் விடாத கிரகணம்

எண்பதாம் வருஷம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை சூரிய கிரகணம் வந்தது. சில ஊர்களில் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்று ரேடியோவிலும் பேப்பரிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கறுப்புக் கண்ணாடியோடு பார்க்க வந்தார்கள். சங்கரன்கோவிலில் நாங்கள் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினோம். அந்தக் கிரகணத்தைப் பார்த்தீர்களா என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் பார்த்தது ஒரு உலக்கையை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ராயகிரியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று போனவர்கள்தான். கேசரி கிண்டியே எனக்குக் கை அலுத்திருந்தது. இந்த வரனாவது அமையவேண்டும் என்று கோமதி அம்மனிடம் நானே வேண்டியிருந்தேன். போட்டோவில் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

கிரகணத்தன்று மதியம் அந்தப் பையனும் அவன் அம்மாவும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

நடந்தது இதுதான். அமாவாசைக்குக் கோவிலுக்கு வந்தவர்கள், சீக்கிரமே நடை சாத்திவிட்டதால் வெளியே நின்றிருக்கிறார்கள். ஊர் திரும்பலாம் என்றால் டிரைவர் கண்டக்டர்கள் எல்லாரும் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தாலுகா ஆபீஸில் கிளார்க்கான என் அப்பா, அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்த வழியே வந்தார். மரியாதைக்கு, வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்களேன் என்றார். அவர்களும் வந்துவிட்டார்கள்.

அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். "ஏட்டி, அமாவாசையும் கிரகணமுமா அந்தப் பையன் உன்னப் பாத்துட்டான்னா எல்லாம் போச்சு. வெளிய தல காட்டாத."

கூடத்தில் அந்த அம்மாவும் மகனிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஏலே, செவத்தப் பாத்து உக்காரு. நாம பொண்ணு பாக்க வரல. சும்மா ஒதுங்கிருக்கோம்."

ஆக அன்றைக்கு அவன் சூரியனையும் பார்க்கக் கூடாது, என்னையும் பார்க்கக் கூடாது.

கிரகணத்துக்கு உலக்கை நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை வைத்தால், கிரகணம் பிடித்திருக்கும் வரைக்கும் அது யாரும் பிடிக்காமலே நிற்கும். விட்டதும் தானாக விழும். அதற்கப்புறம்தான் கதவைத் திறக்கலாம், குளிக்கலாம், பச்சைத் தண்ணீராவது குடிக்கலாம். அம்மா கூடத்தின் நடுவில் உலக்கையை நிறுத்தினாள். அது ஜம்மென்று நின்றது. "பாத்தியளா மதினி" என்று வந்த அம்மாவிடம் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஒன்றை எல்லாரும் மறந்துவிட்டோம். போன வாரம்தான் அப்பா அந்த உலக்கைக்கு ஆசாரியிடம் சொல்லிப் புதுப் பூண் போட்டிருந்தார். அடிப்பக்கம் மட்டம் பார்த்துத் தேய்த்து, அம்மிக்கல்லைப் போலத் தட்டையாக இருந்தது. கிரகணம் இல்லாத நாளிலும் அது நிற்கும்.

மணி ஐந்தாயிற்று. உலக்கை விழவில்லை. ஐந்தரையும் ஆயிற்று. அப்பா தொண்டையைச் செருமினார்.

"அஞ்சு மணிக்கெல்லாம் விட்டுரும்னு காலண்டர்ல போட்டிருக்கு."

"காலண்டர் சிவகாசிக்காரன் போன வருசமே அடிச்சு வச்சது அண்ணாச்சி. அவன் கண்டானா? உலக்க விழட்டும்" என்றார்கள் பையனின் அம்மா.

வெளியே தறிச்சத்தம் கேட்க ஆரம்பித்தது. குழாயடியில் குடத்துக்குச் சண்டை நடந்தது. பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. ஊரே கிரகணத்தை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அப்பா காதைத் தீட்டிக்கொண்டு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அவிய வீட்டு உலக்க விழுந்துட்டு போல" என்றார்கள் அந்த அம்மா. "நம்ம வீட்டுல இன்னும் விடல."

மேலதிகாரி சொன்னதை மறுத்து அப்பாவுக்குப் பழக்கமில்லை. சம்பந்தி ஆகப்போகிறவர்கள் மேலதிகாரிக்கும் மேலே. அம்மாவோ உலக்கையைத் தொட்டால் தோஷம் என்று சேலைத் தலைப்பைக்கூட இழுத்துச் செருகிக்கொண்டு எட்டி நின்றாள்.

மணி ஆறு தாண்டியதும் அந்த அம்மா பெருமூச்சு விட்டார்கள். "இந்த வீட்ட விட்டுக் கிரகணம் போகமாட்டேங்கே. வெள்ளிக்கிழமைய யோசிச்சுத்தான் வைக்கணும் போல."

அடுக்களையில் நின்ற எனக்கு அழுகையாக வந்தது. மற்றவர்களாவது கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், இவர்கள் அதுகூட இல்லாமல் போகப்போகிறார்கள். அந்த உலக்கையை எடுத்து யார் தலையிலாவது போட்டால் என்ன என்றிருந்தது. யார் தலை என்று தேர்ந்தெடுப்பதற்காகக் கதவிடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்தேன்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பையனின் வலதுகால் மெல்ல நீண்டுகொண்டிருந்தது. உடம்பு அசையவில்லை. முகம் சுவரில் இருந்த முருகன் படத்தையே பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. வேட்டிக்கு வெளியே வந்த பெருவிரல் தாம்பாளத்தின் விளிம்பைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து அவன் திரும்பினான். கதவிடுக்கில் என்னைக் கண்டான். போட்டோவில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போது வெளியே வந்துவிட்டது.

உலக்கை தடாலென்று விழுந்தது. தண்ணீர் அப்பாவின் மேல் தெறித்தது.

"விட்டுட்டு, சாமி" என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். விடுபட்ட சூரியனைக் கும்பிடலாம் என்று எல்லாரும் வாசலுக்கு வந்தால், சூரியன் இல்லை. அது பாட்டுக்கு அஸ்தமித்துவிட்டது. தெருவிளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு இருவரும் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

வெள்ளிக்கிழமை முறைப்படி வந்தார்கள். நான் கேசரித் தட்டை நீட்டினேன். முதல்முதலாகப் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். நானும் அப்படியே பார்த்தேன். வைகாசியில் கல்யாணம் நடந்தது. சீரில் இது வேண்டும் என்று என் மாமியார் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது அந்த உலக்கையை மட்டும்தான். இவ்வளவு சக்தியுள்ள உலக்கை எங்கே கிடைக்கும் என்றார்கள். ராயகிரியில் போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம், சங்கரன்கோவிலில் அன்றைக்கு அந்தி வரைக்கும் கிரகணம் பிடித்திருந்த கதையைச் சொன்னார்கள். நானும் என் வீட்டுக்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

சில வருஷம் கழித்து இன்னொரு சூரிய கிரகணம் வந்தது. ராயகிரி வீட்டுக் கூடத்தில் மாமியார் அதே உலக்கையை நிறுத்தினார்கள். கிரகணம் விடுகிற நேரம் தாண்டியது, அது அசையவில்லை. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. மாமியார் மகனைப் பார்த்தார்கள்.

"ஏலே, என்னத்தப் பாத்துட்டு இருக்க? அன்னைக்கு மாதிரி கால நீட்டித் தட்டு."

நான்தான் கேட்டேன். "அத்தே, அன்னைக்கு நீங்க பாத்தியளா?"

"பாக்காம? உலக்க விழட்டும்னு நானே சொல்லிப்புட்டேன். பெறவு நானே எப்பிடித் தட்ட? பசி உயிரு போவுது, யாராவது தட்டமாட்டாங்களான்னு உக்காந்திருக்கேன். நீ வந்து தட்டுவேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் வெள்ளிக்கிழமைய யோசிக்கணும்னு உனக்குக் கேக்க சத்தமாச் சொன்னேன். நீ கதவுக்குப் பின்னால நின்னு அழுதுட்டுல்லா இருந்த."

என் வீட்டுக்காரர் காலை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன்.