சரசு ஜாஸ்தியாக அழுததால் வந்த வெள்ளம்

கல்வராயன் மலைக்குப் போனது அருவி பார்க்கத்தான். ஆவணியில் இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்தது. காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையம் போனேன். வெள்ளிமலை பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டது. போக வர ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசி முருகன் என்பவரின் ஆட்டோவில் ஏறினேன்.

அடிவாரத்து ஊர் ஒன்றில் டீக்கு நிறுத்தினார். எதிர்வயலில் கிணற்றுத் தண்ணீரில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா மட்டும் தனியாக வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று முருகனிடம் கேட்டேன்.

"அது சரசுங்க. போன வருஷ வெள்ளமே அதாலதான்."

மழை பொய்த்தால் இங்கே வைக்கோலில் கொடும்பாவி கட்டி, தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து எரிப்பார்கள். போன ஆடியில் ஒப்பாரிக்கு முன்னால் நின்றவர் சரசு. கார்த்திகையில் புயல் வந்தது. ஓடை உடைத்துக்கொண்டு வயலெல்லாம் மணல் கொட்டிவிட்டது.

"அளவா அழுதிருக்கணும். ஜாஸ்தியா அழுதுடுச்சு. அதான் யாரும் நடவுக்குக் கூப்புட்றதில்ல," என்றார் முருகன், சாதாரணமாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடும்பாவியைக் கட்டியது ஊர், இழுத்தது ஊர். பழி மட்டும் அழுதவர் தலையிலா?

நேராகச் சரசுவிடம் போய், "உங்களால இல்லைங்க" என்றேன்.

"எனுக்குத் தெரியாதா? எம் வூட்லயுந்தான் தண்ணி பூந்துச்சு. தோ நிக்கிறாரே மேஸ்திரி, ஆளு கூப்புட்றவரு, அவராண்ட சொல்லுங்க."

சொன்னேன். ஒரு மழையைக் காட்டி, முழுக்கக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று விஞ்ஞானிகள் யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். பூமி சூடாகாமல் இருந்திருந்தால் அதே மழை எவ்வளவு பெய்திருக்கும் என்று கணக்குப் போட்டு, சூடு அதை எவ்வளவு கூட்டியது என்பார்கள். இந்த ஊர் மழைக்கு அப்படி யாராவது கணக்குப் போட்டார்களா, தெரியாது. ஆனால் கடல் சூடானால் காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். எந்தக் கணக்கிலும் சரசுவின் அழுகை வராது.

மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார். "நெசமாத்தான் இருக்கும். ஆனா பொகை வுட்டவன்லாம் எங்கியோ இருக்கான். கூப்புட்டா வருவானா? இது பக்கத்துல இருக்குது."

அருவி நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை.

போகிறவர்களுக்கு: பஸ் குறைவு, நேரத்தைக் கச்சிராயபாளையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் கனமழை என்றால் அருவிப் பக்கமே போகாதீர்கள். அடிவாரத்தில் டீ குடிக்கும்போது, வெள்ளத்துக்குச் சரசு காரணமில்லை என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். நான் ஒருத்தன் சொன்னது போதவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது முருகனே சொன்னார். இந்த வருஷமும் மழை கம்மி. வெள்ளிக்கிழமை கொடும்பாவியாம். ஒப்பாரிக்கு வரச்சொல்லி மேஸ்திரி சரசு வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

"சரசுவையேவா?"

"அது அழுதா மழை வருதேங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மொதல்ல நடவுக்குக் கூப்புடு, அப்பால அழுவுறேன்னுடுச்சுங்க."