வாழைப்பழத்துக்கு ஊசி போட்டவளின் அப்பா

பெருந்தொற்றுக்குப் பிறகு பொதுமக்களின் நம்பிக்கை எங்கே போயிற்று என்று பெரிய ஊர்களில் கருத்தரங்கு நடத்தித் தேடுகிறார்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் ஆபிரகாம் வீட்டில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்தத் தகவலைக் குறித்துக்கொண்டால் தேட வேண்டிய இடங்களில் ஒன்றாவது குறையும்.

ஆபிரகாம் சந்தேகத்தைத் தொழிலாகவே செய்தவர். சுரங்கம் மூடுகிற வரை பூமிக்குக் கீழே வேலை. மூடிய பிறகு விடிகாலை ரயிலேறிப் போய் பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் செக்யூரிட்டி. வருகிறவன் போகிறவன் எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லி யூனிஃபார்மும் சம்பளமும் கொடுத்தார்கள். அதுவரை இலவசமாகச் செய்துவந்த காரியத்துக்குக் கூலி கிடைத்ததில் அவருக்கு முதலாளி மேலேயே சந்தேகம் வந்தது.

தடுப்பூசி முகாம் நடந்தபோது, "காசு வாங்காம ஒருத்தன் ஊசி போடறான்னா அவனுக்கு இன்னா லாபம்?" என்று லைன் முழுக்கக் கேட்டுத் திரிந்தார். மஸ்கட்டில் இருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்புவான். மெல்போர்னில் இருக்கும் சித்தப்பா மகன் அதை மறுத்து இன்னொன்று அனுப்புவான். இப்படி உலக நாடுகளின் ஒத்துழைப்பு அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. கடைசியில் நர்ஸ் பாட்டில் மூடியைத் திறப்பதைக் காலைப் பொழுது முழுக்க ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினார். அப்புறமும் கொஞ்ச நாள் அந்தக் கையை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலத் தனியாக வைத்திருந்தார்.

அவர் மகள் டீனா அந்தச் சமயத்தில்தான் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருந்தாள். காலேஜை மூடிவிட்டார்கள். வகுப்பு போனுக்குள் வந்தது, சிக்னல் மட்டும் வீட்டுக்குள் வரவில்லை. சுரங்கத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சைனைடு மண்மேட்டில் ஏறி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ரத்தத்தைப் பற்றிப் படித்தாள். ஊசி குத்திப் பழக மனிதக் கை கிடைக்காததால், வாத்தியார் வீடியோவில் சொன்னபடி வாழைப்பழத்தில் குத்திப் பழகினாள். பரீட்சை நேரம் வந்தது, பரீட்சை வரவில்லை. எல்லாரையும் பாஸ் என்று மேலே ஏற்றிவிட்டார்கள். காலேஜ் திறந்த பிறகு அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நிஜக் கைகளில் ஒரு வருஷம் பழகினாள் என்பது உண்மைதான். ஆனால் உண்மைக்கு யார் பட்டப்பெயர் வைக்கிறார்கள்? லைனில் அவளுக்கு நிலைத்த பெயர் ‘வாழைப்பழ டாக்டர்’. அதைக் கண்டுபிடித்து உலகத்துக்கு வழங்கியவர் அவளைப் பெற்ற தகப்பனார்.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு லேபில் அவளுக்கு வேலை கிடைத்தது. ரத்தம் எடுக்க அங்கே இரண்டு நாற்காலி. பழைய ஆளின் நாற்காலிக்காக பெஞ்சு நிறையக் காத்திருப்பார்கள். டீனாவின் நாற்காலியில் ஃபேன் காற்று மட்டும் வந்து உட்காரும். "நீ கொரோனா பேட்ச்சாம்மா?" என்று அன்பாக விசாரித்துவிட்டு சனங்கள் பெஞ்சுக்கே திரும்பிவிடுவார்கள்.

லேபை நடத்துகிற ஷில்பா மேடம் கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டார்: "நோடும்மா, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். யாரும் உங்கிட்ட வரலேன்னா பில் போடற டேபிளுக்குப் போயிடு. ஊசியை மறந்துடு."

டீனா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள். "டாடி, உங்களுக்கு சுகர் டெஸ்ட் எழுதிக் குடுத்து எத்தினி நாளாச்சு? நாளைக்கு என் சேர்ல வந்து குந்துங்க. பெத்தவரே கையை நீட்டினா மத்தவங்களும் நீட்டுவாங்க."

"பாக்கலாம்" என்றார் ஆபிரகாம்.

மறுநாள் பங்காருபேட்டைக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுப்பவருக்குத் தலை நரைத்திருந்தது. கொரோனாவுக்கு முந்தைய நரை. ஆபிரகாமுக்குத் திருப்தி. நரைத்தவர் தங்கம் தேடுகிறவரைப் போல இங்கே ஒரு துளை, அங்கே ஒரு துளை போட்டு, ஒரு வழியாக ரத்தத்தைக் கண்டுபிடித்தார். பெயரைக் கேட்டபோதுதான் ஆபிரகாம் உஷாரானார். முன்பின் தெரியாதவனிடம் சொந்தப் பெயரைக் கொடுப்பதா? "தாமோதரன், ஸ்கெலட்டன் லைன்" என்றார். தாமோதரன் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர், பால்ய சிநேகிதர்.

அந்த லேபில் எடுப்பதோடு சரி, சோதிப்பது கிடையாது. ட்யூபெல்லாம் பைக்கில் ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும். போயிற்று. டீனாவே அதை மெஷினில் ஏற்றினாள்.

அடுத்த நாள் சாயங்காலம் தாமோதரன் ஆபிரகாம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் பதறிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், டீயைக் கீழ வைங்க மொதல்ல. உங்களுக்கு சுகர் ரொம்ப ஏறிக்கீது."

"எனக்கா? நான் எங்கம்மா ரத்தம் குடுத்தேன்?"

"பங்காருபேட்டையில. உங்க பேரு, நம்ம லைனு, எல்லாம் போட்டுக்கீது."

"ஐயோ, எனக்கே தெரியாம என் ரத்தத்தை எவனோ எடுத்துட்டாண்டா ஆபிரகாம்!"

ஆபிரகாம் நியாயமாகக் கோபப்பட்டார். "நான் அன்னிக்கே சொல்லல? இப்பல்லாம் எது வேணாலும் நடக்கும்."

அவர் மனைவி ஃப்ளோரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்த வெயில்ல இவரு ரெண்டு நாளா முழுக்கை சட்டை போட்டுகினு சுத்தறாரு. அது இன்னான்னு கேளு மொதல்ல." வந்து சட்டைக் கையைச் சுருட்டியும் விட்டாள். முழங்கை மடிப்பு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"அடப்பாவி, உன் சக்கரைக்கு என் பேரா?" தாமோதரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

டீனா சிரிக்கவில்லை. "ஊரு நம்பாட்டி போவுது டாடி. நீங்க பஸ் ஏறிப் போய் நம்பாம வந்துக்கிறீங்களே."

ஆபிரகாம் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு அவளே கேட்டாள். "சுரங்கத்துல கேஜ்ல, அந்த இரும்புக் கூண்டுல ஏறி அத்தினி ஆழம் போனீங்களே. மேல என்ஜின் ரூம்ல குந்திகினு கேஜை இறக்கறவரு ஒருத்தர். பெல் அடிச்சா இறக்குவாரு, நீங்க அவரு மூஞ்சியைக் கூடப் பாக்க முடியாது. அவரு எந்த பேட்ச்சுன்னு கேட்டீங்களா?"

இந்த இடத்தில் மனம் திருந்திக் கண்கலங்க வேண்டியது ஆபிரகாமின் கடமை. அவர் அதைச் செய்யவில்லை.

"ஏன் கேக்கல? ஞாயித்துக்கெழம சர்ச்சுல அவருக்குப் பின்பெஞ்சுல குந்துவேன். சரக்கு வாடை அடிக்குதான்னு மோந்து பாப்பேன். பாட்டு புஸ்தகம் புடிக்கிற கை நடுங்குதான்னு பாப்பேன். அப்புறம்தான் திங்கக்கெழம கேஜ்ல கால் வெப்பேன்."

டீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப வாங்க. வந்து என்னையும் மோந்து பாருங்க."

மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு, தாமோதரனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஆபிரகாம் லேபுக்குப் போனார். ஊசி உறையைப் பிரிக்குமுன் காட்டச் சொன்னார். தேதியைப் படிக்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் படித்தார்.

"ஊசி நம்ம நாடு. ட்யூப் ஒரு நாடு. உள்ளே கீற மெஷின் இன்னொரு நாடு. என் ஒருத்தன் ரத்தத்தை எடுக்க இத்தினி நாடு ஒண்ணு கூடிக்கீதா?"

"ஆமா டாடி. கொரோனாவுலயே இப்படித்தான் சமாளிச்சாங்க. கையுறை மாத்தறேன், பாத்துக்கோங்க. உங்க பேரு ட்யூப்ல எழுதறேன், பாத்துக்கோங்க. உங்க சொந்தப் பேரு."

பெஞ்சு முழுக்க டோக்கனை மறந்து பார்த்தது.

"எப்ப குத்துவே?"

"முடிஞ்சிடுச்சு."

ஆபிரகாம் கையைப் பார்த்தார், ட்யூபைப் பார்த்தார். "இது என்னுதுதானா?"

பழைய ஆளுக்காகக் காத்திருந்த ஒரு பாட்டியம்மா எழுந்தார். "கண்ணு, அவருக்குக் காட்டினதெல்லாம் எனக்கும் காட்டுவியா? அந்தாளு எதையும் காட்ட மாட்டேங்கறாரு." அவர் உட்கார்ந்த பிறகு அடுத்தவரும் எழுந்து வந்தார். சந்தேகப்பட்ட கூட்டமெல்லாம் டீனாவின் பக்கம் வரிசை கட்டிற்று.

மத்தியானம் ஷில்பா மேடம் சொன்னார்: "சேர் அங்கேயே இருக்கட்டும். ஆனா உங்க டாடியை தினமும் கூட்டிட்டு வராதே."

சாயங்காலம் டீனா ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தாள். தாமோதரன் பெயரில் வந்த அதே சர்க்கரை, ஆபிரகாம் பெயரில். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப இன்னா சொல்றே?" என்றார் தாமோதரன்.

"உங்கிட்டருந்து ஒட்டிக்கிச்சு. மாஸ்க் போடாம ஒண்ணா டீ குடிச்சோமில்ல."

ஃப்ளோரா டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சக்கரை போட்டியா?"

"போடல."

ஆபிரகாம் டம்ளரைத் தூக்கி முகர்ந்தார். ஃப்ளோராவைப் பார்த்தார், தாமோதரனைப் பார்த்தார். பிறகு டம்ளரை டீனாவிடம் நீட்டினார்.

"நீ பாத்து சொல்லு."

டீனா ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தலையாட்டினாள். ஆபிரகாம் வாங்கிக் குடித்தார்.