சுவருக்கும் காருக்கும் நடுவே

அந்தத் தெருவில் தையல்காரர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டேப்பு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அளவு டேப் அவர் கழுத்தில்தான் தொங்கும். சாப்பிடும்போது அதன் நுனி குழம்பில் விழுந்து, மனைவி எடுத்துத் துடைத்துவிட்ட நாட்கள் உண்டு. ஆள் படியேறி வருவதைப் பார்த்தே இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு என்று சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

மிஷினை விட்டு எழுந்திருக்கிற ரகம் இல்லை அவர். வெளிவேலை முழுக்க மனைவியின் தலையில். தைத்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, நூல், பொத்தான் வாங்கி வருவது எல்லாம் அவள்தான். நடையா அது! கூடப் போனவர்களுக்கு மூச்சு வாங்கும். பேருந்துக்குக் காத்து நிற்கிற நேரத்தில் நடந்தே போய்விடலாம் என்பாள், போயும்விடுவாள். பிள்ளை இல்லாத வீடு, அதனால் அவள் திரும்பி வரும் செருப்புச் சத்தம்தான் அவருக்குச் சாயங்காலம்.

அப்படிப்பட்டவளுடைய காலைத்தான் நோய் பிடித்தது. முதலில் செருப்பு தானாகக் கழன்றது. அப்புறம் சமதரையில் தடுக்கியது. நரம்பு கெட்டுக்கொண்டே போகிறது, நிறுத்த முடியாது, மெதுவாக்கப் பார்க்கலாம், வாராவாரம் வாருங்கள் என்றார் டாக்டர். அதற்காகவே தையல்காரர் ஒரு பழைய காரை வாங்கி, அந்த வயதில் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஸ்டியரிங்கைத் தையல் மிஷின் சக்கரத்தைத் தட்டிவிடுகிற மாதிரி தட்டுகிறார் என்று தெரு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வீட்டு வாசலில் படிகள் உயரம். வீட்டுக்குள் தடி ஊன்றி நடந்துவிடுவாள், படியில் மட்டும் அவர் தூக்கித்தான் இறக்க வேண்டும். ஒரு நாள் அப்படி இறக்கும்போது எதிர் மளிகைக் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மாப்பிள்ளை பொண்ணத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாருப்பா!"

சொன்னவர் மனதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இனிமே என்னை வாசல் வழியா தூக்காதீங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. நமக்கென்ன?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்கு. இந்தத் தெருவையே காலால தேச்சவ நான். என்னைச் சுமந்துட்டுப் போறதை இவங்க பாக்க வேணாம்."

அவர் அன்றைக்கே மனதுக்குள் ஒரு கார் ஷெட்டைக் கட்டி முடித்துவிட்டார். வீட்டின் பக்கவாட்டில் சமையலறைக் கதவு இருக்கிறது. அங்கே படி கிடையாது, தரையோடு தரை. அந்தப் பக்கம் ஒரு கார் ஷெட் எழுப்பிவிட்டால் அவள் கதவைத் திறந்து, தடியோடு நாலு எட்டு வைத்து ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். தெருவுக்கு வெறும் கார் போவதுதான் தெரியும்.

கல்லுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால் அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிலத்தில் இத்தனை வருஷமாக விளைந்தது அது ஒன்றுதான். கத்திரிக்காய்க்குக் குழி வெட்டினால் கல், கொடிக்குப் பந்தல்கால் நட்டால் கல். அவளுடைய தம்பி கொத்தனார். அவன் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்கு ஷெட் என்ன, கோட்டையே கட்டலாம்" என்றான். கல் சுவர் என்றால் இரண்டு முகமாக எழுப்பி, நடுவில் பொடிக்கல் திணித்து, இடையிடையே நீளக் கல் போட்டு இரண்டு முகத்தையும் பிணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான்.

சுவர் வரிசைக்கு நூல் கட்டிய அன்றுதான் சண்டை வந்தது. தையல்காரர் முளை அடித்து வைத்திருந்ததைத் தம்பி பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மாமா, சுவரே ஒன்றரை அடியைத் தின்னுடும். அந்தப் பக்கம் இன்னும் மூணடி தள்ளிப் போட்டுடலாமே."

"எதுக்கு மூணடி? காருக்கு இது போதும். உங்க அக்கா தடியோட நடந்து வர்றதுக்கும் வழி விட்டிருக்கேன். அளக்காமலா அடிச்சேன்?"

"இன்னிக்குச் சரி மாமா. நாளைக்கே சக்கர நாற்காலி, அது இதுன்னு…"

"யாருக்கு நாற்காலி?" என்று கத்தினார். "என் பொண்டாட்டி நடப்பா! உன் வேலை கல்லு வைக்கிறது. அதை மட்டும் பாரு."

தம்பி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். சமையலறைக் கதவருகில் உட்கார்ந்திருந்த அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

ஊரில் எந்தக் குழந்தைக்குத் தைத்தாலும் வளருமே என்று உள்ளே துணி விட்டு மடித்துத் தைக்கிற மனுஷன் அவர். பெருக்கிற உடம்பு, இளைக்கிற உடம்பு எல்லாவற்றுக்கும் இடம் விடத் தெரிந்தவர், சொந்த மனைவிக்கு ஒரு விரல்கூட அதிகம் விடவில்லை. தெரியாமல் இல்லை. இடம் விட்டால் அவள் இன்னும் மோசமாவாள் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தார்.

ஆனாலும் அந்த மாதங்கள் நன்றாகவே போயின. காலையில் மிஷினுக்கு உட்காருமுன் கடப்பாரையால் நெம்பிக் கல் எடுப்பார். கைவண்டியில் தள்ளி வந்து அவள் முன்னால் கொட்டுவார். அவள் தடியை நீட்டி நீட்டி உத்தரவு போடுவாள். "அந்தச் சப்பைக் கல்லை மேல வைங்க. ஐயோ, அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. துணிக்கு நேர் பாக்கத் தெரியுது, கல்லுக்குத் தெரியலையே!" தம்பி அவளுக்கு மேஸ்திரியம்மா என்று பட்டம் கட்டினான். கல்யாணமான நாளிலிருந்து ஒரே வேலையை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

சுவர் இடுப்பளவு வந்தபோது அவளுக்குத் தடி போதவில்லை. தோளளவு வந்தபோது நாற்காலி வந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த சக்கர நாற்காலி. அது உள்ளே வந்த அன்றே தையல்காரர் கண்ணாலேயே அதன் அகலத்தை அளந்துவிட்டார். அந்தக் கண் தப்பாது என்றுதான் சொன்னேனே. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முன்னைவிட வேகமாகக் கல் அடுக்கினார். தம்பியும் பார்த்தான், அவளும் பார்த்தாள். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு ஒரு தப்பான சுவரைக் கூரை வரைக்கும் ஏற்றினார்கள்.

தகரம் போட்டு முடிந்த வாரம் காரை உள்ளே விட்டார். அழகாகத்தான் நின்றது. சமையலறைக் கதவைத் திறந்து நாற்காலியைத் தள்ளினார். ஒரு சக்கரம் சுவரில் உரசியது, இன்னொன்று காரில் மோதியது. பின்னால் இழுத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார். கார் கதவு ஒரு சாண் திறந்ததும் சுவரில் முட்டி நின்றது. அவர் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அவளுடைய கால் எதிலோ மாட்டிக்கொண்டது. அந்தக் காலுக்கு வலிகூடத் தெரியவில்லை.

"விடுங்க," என்றாள். "காரை வெளிய எடுங்க. டாக்டருக்கு நேரமாகுது."

கார் தெருவுக்கு வந்தது. அவளும் பழையபடி வாசல் வழியாகவே வந்தாள். மளிகைக் கடைக்காரர் ஓடிவந்து ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார். இந்த முறை யாரும் கேலி பேசவில்லை. அவளுக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை.

இரண்டு நாள் அவர் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

"இடிச்சிடுறேன். அந்தப் பக்கத்துச் சுவரை மட்டும் தள்ளிக் கட்டிடுறேன். இந்த நாற்காலிக்கு எவ்வளவு வேணும்னு அளந்துக்கறேன்." டேப்பை உருவிக்கொண்டு குனிந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியிலும் இப்போது பலம் இல்லை.

"நாற்காலியை அளக்காதீங்க. கட்டிலை அளங்க."

"கட்டில் எதுக்கு?"

"இன்னும் எத்தனை தடவை இடிப்பீங்க? ஒரே தடவையா இடிச்சிடுங்க. ஒருநாள் என்னைப் படுக்க வெச்சுத்தான் வெளிய கொண்டுபோகணும். அன்னிக்கும் வாசல் வழியா வேணாம்."

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் தலையை வைத்துக் குழந்தை மாதிரி அழுதார். அவள் அழட்டும் என்று விட்டாள். வெகுநேரம் கழித்து எழுந்துபோய்க் கட்டிலை அளந்தார்.

"தூக்குறவங்க ரெண்டு பக்கமும் நடக்கணுமே," என்று நாற்காலியிலிருந்தே சொன்னாள். "அவங்களுக்கும் சேத்துக்கோங்க."

"சேத்துக்கறேன்."

"நீங்க தலைமாட்டுல வரணும்."

"வர்றேன்."

தம்பி கடப்பாரையோடு வந்தான். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல பிள்ளை. புதிதாக அடித்த முளைகளைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் நூலைக் கட்டினான். அவளுக்குக் கையை நீட்ட முடியாமல் போயிருந்தது. குரலால் மட்டும் எந்தக் கல், எங்கே என்று சொன்னாள். சுவர் தள்ளி நின்றது. கொஞ்ச காலம் அவள் நாற்காலியோடு தாராளமாகப் போய்வந்தாள். தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை அவர் காபியோடு போய் எழுப்பினார். அவள் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வண்டி பின்னோக்கி வந்து ஷெட்டின் வாயை அடைத்து நின்றது. கட்டிலோடுதான் தூக்கினார்கள். ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் வண்டியில் வந்தவர், தலைமாட்டில் அவர். யாரும் தோளை ஒடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தம்பி வண்டியோடு போனான். வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்ன அவர், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

மளிகைக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, காலையிலேயே வண்டி வந்துட்டுப் போகுது? அக்காவுக்கு ஊசி போட வந்தாங்களா? இப்ப எப்படி இருக்காங்க?"

அவள் போய்விட்டாள் என்று அவர் இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. தெருவைக் கடந்து கடைக்காரரிடம் போனார்.