பதினெட்டாவது சாமான்

ஏழை நாடுகள் ஏன் ஏழையாகவே இருக்கின்றன என்று பதினாறு வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பாலக்காட்டைத் தாண்டி எங்கும் போனதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியசாமி எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஜாம்பியாவில் பதினொரு மாதம் இருந்து நாற்பத்திரண்டு போர்வெல் போட்டுவிட்டு வந்தவர். எங்கள் இருவருக்கும் பேச்சு வந்தால் யார் வாய் அடைத்துப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வையப்பமலைக்குப் பக்கத்தில் மானாவாரிக் கடலைக் காடு வைத்திருந்த குடும்பம் அவருடையது. பதினெட்டு வயதில் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஏறினார். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. எங்கள் ஊரிலிருந்து அது போகாத மாநிலம் கிடையாது. பைப் தூக்கும் வேலையில் சேர்ந்து, முப்பது வயதில் டிரில்லர் ஆகிவிட்டார். நெம்புகோல்களைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் டிரில்லர். பாறை மாறுவதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். இந்தி, மராத்தி, கன்னடம் மூன்றிலும் அவருக்கு "இன்னும் ஐம்பது அடி போகலாம்" என்று சொல்லத் தெரியும்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. போர் முடிந்ததும் சாக்கை விரித்து, சாமான்களை வரிசையாக வைத்து, வாய்விட்டு எண்ண வேண்டும். பதினேழு இருந்தால்தான் வண்டி நகரும். மகாராஷ்டிராவில் ஒருமுறை ஸ்பேனர் ஒன்று குழிக்குள் விழுந்து, நானூறு அடி போட்ட போரே பாழாகிவிட்டது. அன்றிலிருந்து இந்த எண்ணிக்கை. இன்னொரு பழக்கமும் உண்டு. குழாயைச் சுற்றிப் போடும் சிமெண்ட் காய்வதற்குள் ஆணியால் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டுத்தான் வருவார். நடிகர் கையெழுத்துப் போடுகிற பெருமை முகத்தில் இருக்கும்.

ஜாம்பியாவிலிருந்து வந்த புதிதில் அவரை என் வகுப்புக்கு அழைத்துப் போனேன். நான் அன்று நடத்திக்கொண்டிருந்தது இரண்டு கோட்பாடுகள். முதலாவது, எல்லா நாடும் ஒரே சாலையில்தான் போகிறது, சில நாடுகள் பின்னால் வருகின்றன, பழக்கவழக்கத்தை மாற்றிக்கொண்டால் அவையும் வந்து சேர்ந்துவிடும் என்கிறது. இரண்டாவது அதை மறுக்கிறது. அவர்கள் பின்னால் வரவில்லை, முன்னால் போனவர்கள்தான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள்; செம்பு அங்கிருந்து போகிறது, செம்புக் கம்பி விலைக்குத் திரும்பி வருகிறது என்கிறது. பெரியசாமி இரண்டையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல சனங்கதானுங்க. சோறு போடாம அனுப்ப மாட்டாங்க. ஆனா ஒரு சாமானத்தப் பாத்துக்கற பொறுப்பு மட்டும் பத்தாதுங்க. நாம போட்டுக் குடுத்த பம்பு ஒரு வருசம் தாங்குமான்னே சந்தேகமுங்க."

நாற்பது பிள்ளைகளும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். முதல் கோட்பாட்டுக்கு உயிரோடு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதில் எனக்கும் சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் ஏதோ வந்திருக்கிறது, படித்துச் சொல்ல வேண்டும் என்றார். ஜாம்பியாவில் அவர் போர் போட்ட ஒரு ஊரிலிருந்து எஸ்தர் என்ற பெண் அனுப்பியிருந்தாள். சிமெண்டில் இருந்த நம்பரைப் பார்த்து, முன்னால் இந்தியாவின் எண்ணைச் சேர்த்து, எப்படியோ பிடித்துவிட்டாள். அந்த ஊர்த் தண்ணீர்க் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"மார்ச் மாதத்திலிருந்து பம்பில் தண்ணீர் வரவில்லை. வாஷர் தேய்ந்துவிட்டது. புது வாஷர் எங்களிடம் இருக்கிறது. அதை மாற்றவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் பைப்பை மேலே தூக்கும்போது பிடித்து நிறுத்துகிற கிளாம்ப் எங்கள் பெட்டியில் இல்லை. அது இல்லாமல் தூக்கினால் பைப் உள்ளே விழுந்துவிடும். உங்கள் ஆட்கள் கொண்டுபோயிருப்பார்களோ? ஐந்து மாதமாக ஆற்றுக்கு நடக்கிறோம்."

பெரியசாமி பைக்கை எடுத்துக்கொண்டு நேராக ரிக் முதலாளியின் ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். ஜாம்பியாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்த சாமான் பெட்டியைக் கொட்டினார். நம் ஊர்க் கிளாம்புக்குப் பெயிண்ட் கிடையாது. அடியில் நீலப் பெயிண்ட் அடித்த கிளாம்ப் ஒன்று கிடந்தது. அந்த ஊர்ப் பெட்டியில் இருந்த எல்லாவற்றுக்கும் நீலப் பெயிண்ட்தான்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு அந்த ஊர்ல எண்ணுனப்பப் பதினெட்டு வந்துச்சுங்க சார். எனக்கு நல்லா நெனப்பிருக்குது. சரி, முதலாளி புதுசா ஒண்ணு வாங்கியிருப்பாருன்னு உட்டுட்டனுங்க. கொறஞ்சாத்தானுங்க தேடுவோம். கூடுனா எவன் தேடறான்?"

நான் பதினாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதிச் சொல்ல முயன்றதை அந்த மனுஷர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்கோ கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி அத்தாயி விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"ஏனுங்க, அந்த ஊருப் பொம்பளைங்களுக்குப் பொறுப்பு பத்தாதுன்னு தெருத்தெருவாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே! அவீங்க சாமானத்தத் தூக்கிக்கிட்டு வந்தது ஆருங்க?"

பெரியசாமி என்னைப் பார்த்து, "சார், நீங்க சொன்னீங்களே ரெண்டு கட்சி. இதுல நானு எந்தக் கட்சிங்க?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"அந்தப் புள்ளைங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்களே, அத அடிக்கச் சொல்லோணுமுங்க. நானே வந்து சொல்றனுங்க. ஆனா இப்ப வர மாட்டேன். அங்க தண்ணி வரட்டும், அப்புறம் வாரேன்."

கிளாம்பை அனுப்பிவிடலாம் என்று விசாரித்தோம். பார்சல் போய்ச் சேர இரண்டு மாதமாவது ஆகும், அந்த ஊர் வரை கொண்டுபோய்க் கொடுப்பவர் யாரும் கிடையாது என்றார்கள். இன்னும் இரண்டு மாதம் அவர்கள் ஆற்றுக்கு நடப்பதா என்று பெரியசாமி தவித்துப் போனார். மறுநாள் காலை வெள்ளை சார்ட் பேப்பரோடு என் வீட்டுக்கு வந்து, கூடத்துத் தரையில் விரித்து, கிளாம்பை மேலே வைத்துப் பென்சிலால் சுற்றி வரைய ஆரம்பித்தார்.

"அந்த ஊருச் சந்தையில ஒரு வெல்டிங் பட்டறை இருக்குதுங்க. லாரி ஸ்பிரிங் பட்டையில மம்பட்டி அடிச்சுக் குடுப்பான். நம்ம வண்டிக்கே ஒருக்கா பத்த வெச்சுக் குடுத்தானுங்க. நெம்பக் கெட்டிக்காரன். அளவு மட்டும் குடுத்தாப் போதும், செஞ்சு போடுவான்."

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றித் தனித்தனியாக வரைந்தார். எத்தனை மில்லிமீட்டர், பல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எந்த இடத்தில் இரும்பு தடிமனாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே உருப்படியான கட்டுரை அதுதான். பதினொரு படம் எடுத்து அனுப்பினோம். மன்னிப்பும் கேட்டு எழுதச் சொன்னார். அதை இரண்டு தடவை எழுத வைத்தார்.

இருபது நாள் கழித்து வீடியோ வந்தது. பச்சைத் துணி கட்டிய பெண்கள் நான்கு பேர் பைப்பைத் தூக்குகிறார்கள். கிளாம்ப் கவ்விப் பிடித்துக்கொண்டது. எஸ்தர் வாஷரை மாற்றுகிறாள். பிறகு பம்பின் கைப்பிடியை அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், ஒன்றும் வரவில்லை. பெரியசாமி என் தோளைப் பிடித்த பிடியில் வலியே வந்துவிட்டது. அப்புறம் குழாய் ஒரு இருமல் இருமி, தண்ணீரைக் கொட்டியது. அத்தாயி கை தட்டினாள். பெரியசாமி அழுதுகொண்டே சிரித்தார்.

வீடியோவோடு எஸ்தரின் கேள்வி ஒன்றும் வந்திருந்தது. "நீங்கள் வரைந்த கிளாம்பின் கைப்பிடி ஏன் அவ்வளவு குட்டை? ஒரே ஆள் முழுப் பலத்தோடு அழுத்த வேண்டியிருக்கிறது. நாங்கள் அதை இரண்டு மடங்கு நீளமாகச் செய்துகொண்டோம். இப்போது இரண்டு பெண்கள் சேர்ந்து சுலபமாகப் பிடிக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர்களும் இதே மாதிரி கேட்கிறார்கள்."

பெரியசாமி வீடியோவைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தார். முப்பத்தாறு வருடமாக அதே மாதிரிக் குட்டைக் கைப்பிடியை அழுத்தி அழுத்தி அவருக்கு வலது தோள் போயிருந்தது.

சொன்னபடி வகுப்புக்கு வந்தார். "போன தடவ நானு சொன்னது தப்புங்க. அத அடிச்சுப் போடுங்க," என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் அடிக்கும் வரை நின்று பார்த்தார். என் பாடக் குறிப்பில் எழுதி வைத்திருந்த அதே வரியை நானும் அடித்தேன். நீலக் கிளாம்ப் அடுத்து ஆப்பிரிக்கா போகும் ரிக்கோடு போகிறது. எஸ்தரின் பெயர் எழுதிக் கட்டி வைத்திருக்கிறார்.

போன வாரம் அவரோடு திருச்செங்கோட்டில் மதியழகனின் லேத் பட்டறைக்குப் போனேன். புதுக் கிளாம்ப் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார், கைப்பிடி இரண்டு மடங்கு நீளம். மதியழகன் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் அழுத்திப் பார்த்தார்.

"அட, நெம்ப லேசா இருக்குதுங்களே! இது எந்த ஊரு மாடலுங்க, ஜெர்மனிங்களா?"

"ஜாம்பியாங்க," என்றார் பெரியசாமி.

மதியழகனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. பெரியசாமி லேத்தை நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.