இன்ஸ்பெக்டரம்மாவின் குரல்

மேற்கு மாம்பலம் தங்கபுஷ்பத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பகைதான். அவள் பெயர் ஷண்முகப்ரியா, நடிகை. அந்தப் பகையைப் பதினோரு வருஷமாகப் பொங்கவும் விடாமல் ஆறவும் விடாமல் அடுப்பிலேயே வைத்திருந்தாள்.

தங்கபுஷ்பம் டப்பிங் பேசுகிறவள். ஷண்முகப்ரியா இன்ஸ்பெக்டராக நடித்த ஒரு கொலைப் படத்தில், அந்த இன்ஸ்பெக்டரின் குரல் முழுக்க இவளுடையது. கொலைகாரனைத் துரத்தி மாடிப்படி ஏறும் காட்சிக்கு மூச்சு வாங்க வேண்டுமே என்று, மைக் முன்னால் நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்து இரண்டு நாள் முழங்கால் வீங்கிக் கிடந்தாள். படம் ஓடியது. டைட்டிலில் இவள் பெயரைக் காணோம். விருது மேடையில் ஷண்முகப்ரியா, "சொந்தக் குரல்லதான் பேசினேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் அதை டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பொய் சொல்ல ஒரு நாக்கு வேண்டும்; அதுவாவது அவளுக்குச் சொந்தமாக இருந்ததே!

இந்த வருஷம் அதே படத்தைச் சேனல்காரர்கள் கிரைம் தொடராக எடுத்தார்கள். அதே ஷண்முகப்ரியா, அதே காக்கிச் சட்டை. புரொடக்‌ஷன் மேனேஜர் விக்கி மூன்று மாடி ஏறித் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, உன் வாய்ஸ் இல்லாம வேலைக்கு ஆவாது. நாளைக்கு டி.நகர் ஸ்டுடியோவுக்கு வந்துடு."

"டைட்டில்ல என் பேரு வருமா?"

"இன்னாக்கா நீ! சொந்தக் குரல்னு மேடம் ஊருக்கே சொல்லிக்கினு கீறாங்க. ஒத்துப்பாங்களா?"

"அப்ப அவங்களையே பேசச் சொல்லுப்பா" என்று காபியைக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஷண்முகப்ரியாவே பேச வேண்டியதாயிற்று. முதல் எபிசோடில் அவள் போட்ட அதட்டலுக்குக் கொலைகாரனுக்கே சிரிப்பு வந்திருக்கும். யூடியூபில் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். 'யாருய்யா இந்த டப்பிங்? தூக்குங்க! படத்துல மாதிரி மேடமே சொந்தக் குரல்ல பேசட்டும்.' தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துச் சிரித்தாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவ்வளவு இனித்தது.

மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பு நின்றது. டைட்டிலில், எல்லாரும் படிக்கும்படி கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'ஷண்முகப்ரியாவுக்குக் குரல்: தங்கபுஷ்பம்.' பதினோரு வருஷம் ஏங்கிய பெயர், பழி சுமக்க வந்திருந்தது. விக்கிக்குப் போன் போட்டாள்.

"மேடம்தான் போடச் சொன்னாங்கக்கா" என்று இழுத்தான். "திட்டு உனக்குப் போவட்டும்னு..."

தங்கபுஷ்பம் போனைத் துண்டித்தாள். அழலாமா என்று பார்த்தாள், அழுகை வரவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து யூடியூபில் போட வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

"வணக்கம். நான்தான் தங்கபுஷ்பம். மேடத்துக்குக் குரல் குடுத்தது நான்தான்னு அவங்களே டைட்டில்ல போட்டு ஒத்துக்கிட்டாங்க. ரொம்ப நன்றி. ஆனா சீரியல்ல நீங்க கேட்டது என் குரல் இல்ல. படத்துல கேட்டீங்களே, அதுதான் என்னோடது. சந்தேகமா இருந்தா இப்பக் கேளுங்க."

தொண்டையைச் செருமினாள். படம் பார்த்த ஊருக்கே தெரிந்த அந்தக் குரலில், கேமராவைப் பார்த்து அதட்டினாள்:

"ஷண்முகப்ரியா! அந்த விருதைக் கீழ வை!"