தெர்மாகோலைத் தின்ற பசை

என் ரயில் மேசையைக் கெடுத்தது எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர்தான். தொப்பையின் மேல் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை ஊதிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஆண்டுவிழாவுக்காக மேசைமேல் தெர்மாகோல் பரப்பி, பொம்மை ரயிலின் தண்டவாளத்தைக் குண்டூசி குத்தி வெள்ளைப் பசையால் ஒட்டிக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது.

“இதெல்லாம் நிக்காது சார். நான் ரயில்வேல இருந்தவன்.”

“டிக்கெட் கவுண்டர்லதானே சார்?”

முறைத்தார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தண்டவாளத்தின்மேல் செருப்பு ஒட்டும் பசையை ஊற்றிவிட்டார். அந்தப் பசை பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும்; அது உருகிக் குழியாகி, நான் அட்டையில் செய்த தாம்பரம் ஸ்டேஷன் அதற்குள் இறங்கிவிட்டது. ‘மட்டமான தெர்மாகோல் வாங்கிட்டார்’ என்று வாட்ஸப் குரூப்பில் என்மேல் பழி போட்டார்.

பசையை ஊற்றியது யார்? அதே குரூப்பில், எல்லோரும் படிக்க, அவர் பதில் எழுதட்டும்.